ஒரே மாதிரி ரெண்டு கத்தி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



போன மாசக் கூட்டத்தில், "உங்க குழுவுல கத்தி வாங்குனதுல ஒரு பிரச்சனை ஆச்சே, பெறகு நல்லா விசாரிச்சு வேற வாங்குனீங்களே, அதை விழாவுல பேசு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. மத்தவங்க எல்லாம் ஆட்டுப் பண்ணை, மசாலாப் பொடி, வங்கிக் கடன் என்று பேசும்போது நான் போய்க் கத்தியைப் பற்றிப் பேசுவதா என்று நினைத்தேன். வீட்டில் சொன்னதும் எங்க வீட்டுக்காரர் சிரித்தார். "கத்தியோட மேடை ஏறுற மொதப் பொம்பள நீயாத்தான் இருப்ப" என்றார். கொண்டுதான் வந்திருக்கிறேன். இந்தத் துணிப் பைக்குள்ள ரெண்டு கத்தி இருக்கு. பயப்படாதீங்க, அலகுல சாக்குத் துணி சுத்தி நூல் போட்டுக் கட்டியிருக்கு.

எங்க ஊர் வைகைக் கரை ஓரம். நெல்லும் வாழையும்தான். குழுவில் நாங்கள் 12 பேர். மூணு வருஷத்துக்கு முன்னால 4 ஏக்கர் பூவன் தோட்டத்தில் இலை அறுக்கிற வேலையைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்தோம். காலையில் வெயில் ஏறும் முன்னால் இலை அறுக்கணும். பிறகு நிழலில் உட்கார்ந்து தலைவாழை, டிபன் இலை, ஏடு என்று பிரித்து, முதுகு மட்டையைச் சீவி, அடுக்கிக் கட்டி மதுரைக்கு ஏத்தி விடணும். முகூர்த்த நாள் என்றால் முதல் நாள் ராத்திரி வரைக்கும் வேலை இருக்கும். இதோடு சருகு கழிக்கிறது, தார் விழுந்த மரத்தை வெட்டுறது, வரப்புல ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறது எல்லாம் உண்டு. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அதே கத்தியில்தான் பூசணிக்காய் வெட்டணும், வாழைப்பூ ஆயணும், உர மூட்டைத் தையல் அறுக்கணும். ஆளுக்கு ஒரு கத்திதான். தோட்டத்துக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு என்று வைத்துக்கொள்ள எங்களுக்கு வசதி இல்லை.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. நம்ம வீடுகளில் கத்தி, அரிவாள் எல்லாம் நாம எடுத்துப் புழங்குகிறோம். ஆனால் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்குவது யார்? ஆம்பளைங்கதான். எங்க அம்மா அரிவாள்மனையில் முப்பது வருஷம் காய் நறுக்கியிருக்காங்க, அதை வாங்கினது எங்க அப்பா. நம்ம சிவகங்கைச் சீமையில் அரிவாள் என்றாலே திருப்பாச்சேத்தி பேர்தான் எல்லார் வாயிலும் வரும். அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கேன். ஒரு நாளும் இறங்கி ஒரு பட்டறை வாசலில் நின்றது கிடையாது. அது ஆம்பளைங்க நிக்கிற இடம் என்று மனசுல பதிஞ்சு போச்சு. அதனால் குழுவுக்குக் கத்தி வாங்கணும் என்று வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே கணக்கு விலைதான்.

அப்போ நான் குழுவின் ஊக்குநர். பட்டறையில் ஒரு கத்தி 250 ரூபாய் சொன்னாங்க. ஒரு திருவிழாக் கடையில் 90 ரூபாய்க்குக் கிடைத்தது. பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருந்தது. அதே நீளம், அதே மரப்பிடி, பிடியின் கழுத்துல மஞ்சளாப் பளபளன்னு ஒரு பூண் வேற. 12 கத்தி 1,080 ரூபாய். பட்டறையில் வாங்கியிருந்தால் 3,000. குழுப் பணத்தில் 1,920 ரூபாய் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று தீர்மான நோட்டில் நானே எழுதினேன். கைதட்டினாங்க.

ஒரு மாசத்துல பிடி ஆட ஆரம்பிச்சது. இதுக்கும் நான்தான் வைத்தியம் சொன்னேன். "ராத்திரி தண்ணியில போட்டு வைங்க, மரம் ஊறி இறுகிக்கும்." எங்க அப்பா மண்வெட்டிக்குச் செய்வதைப் பார்த்திருக்கேன். மறுநாள் காலையில் இறுகித்தான் இருக்கும். பகல் வெயிலில் காய்ந்ததும் முன்னைவிட அதிகமா ஆடும். மறுபடி தண்ணி. ஊறுறதும் காயுறதுமா மரம் உள்ளுக்குள்ளேயே வெடிச்சுக்கிட்டு வந்திருக்கு. பிறகுதான் தெரிஞ்சது.

பங்குனி மாசம், பதினோரு மணி வெயில். எங்க சின்ன மதினி, அவங்களும் குழு உறுப்பினர்தான், மட்டையில் கத்தியை வச்சு அழுத்தினாங்க. பூண் பிளந்து பிடி ரெண்டாத் திறந்துக்கிட்டது. அழுத்தின வேகத்தில் கை முன்னால் வழுக்கி அலகு மேலேயே ஏறிடுச்சு. வலது கை ஆள்காட்டி விரல், அடிப் பக்கம். ரத்தத்தைப் பார்த்ததும் ஒருத்தி காப்பித்தூளைக் கொண்டாந்து அமுக்கினா, இன்னொருத்தி மஞ்சள்தூள். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் கழுவி எடுப்பதற்குள் மதினி துடிச்ச துடிப்பை இப்பவும் நினைச்சா எனக்கு வயிறு கலங்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், கத்தியை விட இது முக்கியம். வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை மடிச்சு வச்சு அழுத்திப் பிடிச்சு, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்கணும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ரத்தம் நின்னாலும் விரலை மடக்கிப் பார்க்கச் சொல்லணும். மடங்கவில்லை, இல்லை நுனி மரத்துப் போயிருக்கு என்றால் வெறும் தோல் வெட்டு இல்லை. விரலை மடக்குற நாண் அறுந்திருக்கும், நரம்பும் பட்டிருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். மேல் தையல் மட்டும் போட்டு வீட்டுக்கு வந்துட்டா நாண் தானாகச் சேராது. டி.டி. ஊசியும் கேட்டுப் போட்டுக்கணும். மதினிக்கு அன்றைக்கே மதுரைக்கு அனுப்பி நாணைச் சேர்த்துத் தைத்தாங்க. அதனால்தான் விரல் இந்த அளவுக்காவது மடங்குது. முக்கால்வாசி மடங்குது. முழுசா மடங்காது.

ஏழு வாரம் மதினி வேலைக்கு வர முடியல. குழுவில் 5,000 ரூபாய் கொடுத்தோம். அது கடனா, உதவியா என்பதில் பெரிய சண்டை. "குழுப் பணம் எல்லாருக்கும் சொந்தம், கடனா எழுது" என்று பாதிப் பேர். "குழு வேலையில பட்ட காயம், எப்படிக் கடனாகும்?" என்று பாதிப் பேர். கடைசியில் வட்டியில்லாக் கடன் என்று எழுதினோம். அது சரியா என்று எனக்கு இன்னமும் தெளிவில்லை. நான் என் பங்குக்கு ஒரு ஆட்டுக்குட்டியை வித்து, நான் மிச்சம் பிடிச்சதாக எழுதின அந்த 1,920 ரூபாயை மதினி கையில் கொடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. ஒரு வார்த்தை பேசல. ரெண்டு மாசம் என்னோட பேசல. எதிரெதிர் வீடு எங்களுது.

அந்த உடைஞ்ச கத்தியை எடுத்துக்கிட்டுப் பட்டறைக்குப் போனேன். முதல் தடவையா உள்ளே கால் வச்சேன். ஆசாரி தாத்தாவுக்கு எழுபது வயசு இருக்கும். கத்தியைக் கையில் வாங்கிப் பார்த்துட்டு, "தாயி, இதுல குத்தம் அலகுல இல்ல, காம்புல" என்றார். அலகுக்குப் பின்னால் பிடிக்குள்ளே போகிற இரும்புக்குத்தான் காம்பு என்கிறார். எங்க கத்தியில் அது ஒன்றரை அங்குலம்தான் உள்ளே போயிருந்தது, எலி வால் மாதிரி. மீதிப் பிடி வெறும் மரம். பூண் என்பது மெல்லிய தகடு, ஒட்டு கூடப் பிரிஞ்சு கிடந்தது. பூண் போட்ட கத்தி எல்லாமே மோசம் என்று அவர் சொல்லல. காம்பு பிடியின் கடைசி வரைக்கும் போய், மறுமுனையில் மடக்கி அடிச்சிருந்தா அதுவும் உழைக்குமாம். ஆனால் வாங்குகிற நமக்கு மரத்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாது. அதனால் நமக்குத் தோதானது, இரும்பு பிடியின் அகலத்துக்கும் நீளத்துக்கும் முழுசாப் போயி, ரெண்டு பக்கமும் மரக் கட்டையை வச்சு ரிவிட் அடிச்ச கத்தி. பிடியின் முதுகைப் பார்த்தால் நடுவில் இரும்புக் கோடு ஒரு முனையில் இருந்து மறுமுனை வரைக்கும் கண்ணுக்குத் தெரியும். எதையும் கழட்டிப் பார்க்க வேண்டாம்.

இனிமேல் இப்படிப்பட்ட கத்திதான் என்று எல்லாரும் ஒத்துக்கிட்டோம். ஆனால் அதிலேயும் ரெண்டு வந்து நின்றது. டவுனில் ஒரு கருவிக் கடையில் எவர்சில்வர் அலகு, மூணு ரிவிட், 260 ரூபாய். ஆசாரி தாத்தா அடித்துக் கொடுப்பது லாரிப் பட்டை இரும்பு, அதுவும் மூணு ரிவிட், 320 ரூபாய். ரெண்டும் 7 அங்குல அலகு. அகலம் ஒன்றரை அங்குலம். தூரத்தில் வைத்தால் எது எதுன்னு சொல்ல முடியாது, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு, அவ்வளவுதான். முன்ன மாதிரி விலையைப் பார்த்து முடிவு பண்ண எனக்குத் தைரியம் இல்லை. விலை கூடினதுதான் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் மனசு வரல.

என் நாத்தனார் மகன் ஐ.டி.ஐ. படிக்கிறான். அவன்கிட்ட கேட்டேன். எவர்சில்வர் என்பதில் 100-க்குக் குறைந்தது 10.5 பங்கு குரோமியம் கலந்திருக்கும், அதுதான் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலமா நின்னு துருவைத் தடுக்குது என்றான். லாரிப் பட்டையில் அந்தக் காபந்து கிடையாது. ஆனால் அதில் கரி கலந்திருக்கு, சூடு பண்ணித் தோய்ச்சல் வச்சால் கெட்டிப்படும், சுமையை வாங்கி வளைஞ்சு நிமிர்ற குணமும் உண்டு. "காந்தம் ஒட்டுனா இரும்பு, ஒட்டலைன்னா எவர்சில்வர்னு சொல்றாங்களேடா?" என்றேன். "அத்தை, அது தட்டு டம்ளருக்குப் பெரும்பாலும் சரி, கத்திக்குச் சரிவராது. கெட்டிப்படுத்துற எவர்சில்வர் எல்லாத்துலயும் காந்தம் ஒட்டும்" என்றான். வீட்டுக்கு வந்து ஒட்டிப் பார்த்தேன், ரெண்டுலயும் ஒட்டிச்சு. கடைக்காரர் காந்தத்தைக் காட்டி எதாவது சொன்னால் இனிமேல் நம்பாதீங்க.

தோய்ச்சலை நான் நேரில் நின்று பார்த்தேன். உலையில் அலகு செந்தணலாப் பழுத்து வரும்போது தாத்தா வாய்ப் பக்கத்தை மட்டும் எண்ணெயில் முக்கி எடுத்தார். முதுகில் இன்னும் சூடு இருக்கும். வாயைக் கல்லில் ஒரு தேய்ப்பு தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றார். முதுகுச் சூடு மெல்ல வாய்ப்பக்கம் இறங்கும்போது அந்த வெள்ளையில் நிறம் மாறிக்கொண்டே வருது. வைக்கோல் நிறம் வந்ததும் சட்டென்று முழுசா முக்கிவிட்டார். அந்த நிறத்துக்கு முன்னால் முக்கினா வாய் ரொம்பக் கெட்டியாகிக் கண்ணாடி மாதிரி பொரியும், நிறம் ஊதாவாகிப் போனா மிருதுவாகி மடங்கும் என்றார். கடுகு தாளிக்கும்போது நாம பதம் பார்ப்பதுபோலத்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆனால் கெட்டது.

ஆடி மாசம் முகூர்த்தம் இல்லை, இலைக்கு அவசரம் இல்லை. ரெண்டு வகையிலும் ரெண்டு ரெண்டு, ஆக நாலு கத்தி மட்டும் 1,160 ரூபாய்க்கு வாங்கினோம். ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வகையையும் 5 நாள் வச்சுப் பார்க்கணும். 12 பேரும் சுத்தி வர 30 நாள் ஆச்சு. எழுதத் தெரிந்தவங்க எழுதினாங்க, மத்தவங்க சொல்ல நான் எழுதினேன். சந்தா நோட்டின் கடைசிப் பக்கங்கள் பூராவும் கத்திதான்.

எவர்சில்வர் கத்தி முதல் நாள் நன்றாகவே அறுத்தது. மத்தியானத்துக்கு மேல் மட்டை சீவும்போது வழுக்க ஆரம்பித்ததாக ஒன்பது பேர் சொன்னாங்க. தீட்டினால் சரியாகும், ஆனால் நம்ம வாசல்படிக் கல்லில் தீட்டினால் சீக்கிரம் பதம் வரல, சாணைக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லா எவர்சில்வரும் இப்படி என்று சொல்ல மாட்டேன், விலை கூடினதில் நல்லதும் இருக்குமாம். எங்களுக்குக் கிடைத்த 260 ரூபாய்க் கத்தி இப்படி. அதன் நல்ல குணம், கவனமே வேண்டாம். ஈர இலைக் கட்டுக்குள்ள ராத்திரி முழுக்க மறந்து கிடந்த கத்தியை மறுநாள் எடுத்தால் அப்படியே வெள்ளையா இருக்கு. மாங்காய், எலுமிச்சை, புளித்தண்ணி எதுவும் ஒட்டல.

பட்டைக் கத்தி அதற்கு நேர் மாறு. ரெண்டு நாள் அறுத்தாலும் வாய் நின்றது. மழுங்கினால் கல்லில் நாலு இழுப்பு, அஞ்சு நிமிஷத்தில் பழைய பதம். ஆனால் ஒரு ராத்திரி ஈரத்தோட விட்டால் காலையில் செம்மண் பூசின மாதிரி துரு. மாங்காய் நறுக்கினால் மாங்காயும் கறுக்கும், கத்தியும் கறுக்கும், நாக்குல இரும்பு வாடை அடிக்கும். வாழைப்பூ சொல்லவே வேண்டாம். ஒரு நாள் துருக் கத்தியோட மட்டை சீவி, இலை ஓரத்துல கறை படிஞ்சு, வாங்குற வியாபாரி ஒரு கட்டைத் திருப்பிவிட்டார். அது என் கத்திதான். ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்லை, நோட்டில் அதையும் எழுதினேன்.

துருவுக்கு வழி ரொம்பச் சுலபம். வேலை முடிந்ததும் கழுவி, முந்தானையிலயாவது துடைச்சு, அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் காய விட்டு, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயை அலகு பூரா விரலால் தடவணும். விரலை முதுகில் இருந்து வாய்ப்பக்கமாக இழுக்கணும், வாய் ஓரமா நீளவாக்கில் ஓட்டக்கூடாது. ரெண்டு மூணு வாரம் புழங்கினால் அலகு தானாகவே ஒரு சாம்பல் கறுப்பு நிறத்துக்கு வரும். அதைப் பளபளப்பாத் தேய்க்கணும்னு சாம்பலும் செங்கல்பொடியும் போட்டு உரசாதீங்க. அந்தக் கறுப்பு வந்த பிறகுதான் துருவும் கறையும் குறையுது. உர மூட்டை அறுத்தால் மட்டும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுப்படிக்குக் கொண்டு போகாதீங்க. இது ரெண்டு கத்திக்கும் பொது.

தீட்டுவது பற்றி எங்க குழுவுலயே பாதிப் பேருக்குத் தெரியாது, நானும் அதில் ஒருத்தி. ஆளாளுக்கு ஒரு சாய்வில் இழுத்துக்கிட்டிருந்தோம். தாத்தா ஒரு அளவு சொல்லிக் கொடுத்தார். கத்தியைக் கல் மேலே படுக்க வச்சு, முதுகுக்கு அடியில் சுண்டு விரல் நுழையுற அளவுக்கு மட்டும் தூக்கணும். ஒன்றரை அங்குல அகலக் கத்திக்கு அதுதான் சாய்வு. விரலை எடுத்துவிட்டு அதே சாய்வை மாத்தாமல், ஒரு பக்கம் பத்து இழுப்பு, மறுபக்கம் பத்து இழுப்பு. கல் நனைஞ்சிருக்கணும். பதம் வந்துச்சா என்று கட்டை விரலை வாய் மேல் ஓட்டிப் பார்க்க வேண்டாம். வாயை வெயிலுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சுப் பாருங்க. மழுங்கின இடம் வெள்ளைப் புள்ளியா, கோடா மின்னும். கூரான வாய் மின்னாது. மழுங்கல் கத்திதான் அதிகமா வெட்டும் என்று எங்க அப்பத்தா சொல்லும்போது நான் சிரிப்பேன். அழுத்தம் கொடுக்கக் கொடுக்கத்தானே கை வழுக்குது.

30 நாள் முடிந்து குழுக் கூட்டம் போட்டோம். அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்திருந்த சின்ன மதினி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தாங்க. "பட்டைக் கத்தி நல்லாத்தான் வெட்டுது. ஆனா என்னால பிடிக்க முடியல" என்றாங்க. எல்லாரும் அவங்க கையைப் பார்த்தோம். பிடியைச் சுத்தி மத்த விரல் மூடுது, அந்த ஆள்காட்டி விரல் மட்டும் தூக்கிக்கிட்டு நிக்குது. அப்புறம் மதினி சொன்னாங்க, "என் விரல் மட்டும் இல்ல, உங்க கையையும் பாருங்க. யாருக்கு முழுசா மூடுது?" ஒவ்வொருத்தரா வாங்கிப் பிடிச்சுப் பார்த்தோம். ஏழு பேருக்கு விரல் நுனி உள்ளங்கையைத் தொடவே இல்லை. 30 நாள் வச்சிருந்தோம், ஒருத்தியும் அதை எழுதல. கத்தின்னா அப்படித்தான் இருக்கும், ஆம்பளைக் கைக்குச் செஞ்சதைத்தான் நாம பிடிச்சுக்கணும் என்று இருந்துட்டோம் போல.

மறுநாள் நான் மதினி வீட்டு வாசல்ல போய் நின்னு, "பட்டறைக்கு வர்றீங்களா?" என்றேன். செருப்பைப் போட்டுக்கிட்டு வந்தாங்க. வழியில பேசல. தாத்தா மதினி கையைப் பார்த்தார், விரலை மடக்கச் சொன்னார், ஒரு நூலை எடுத்துப் பிடியைச் சுத்தி அளந்தார். 5 அங்குலம் இருந்தது. மரக்கட்டையைச் சீவிச் சீவி மதினி கையில் கொடுத்துக் கொடுத்து வாங்கினார். 4 அங்குலத்துக்கு வந்தப்ப, "இப்பச் சரியா இருக்கு தாத்தா" என்றாங்க. ஆள்காட்டி விரல் வர்ற இடத்துல மட்டும் ஒரு சின்னப் பள்ளம் எடுத்தார். பிடிக்கு முன்னால, அலகு தொடங்குற இடத்துல, அடிப்பக்கமா இரும்பைக் கொஞ்சம் கீழ இறக்கி ஒரு தடுப்பு மாதிரி விடச் சொல்லிக் கேட்டேன். இனிமேல் கை வழுக்கினாலும் அதில் முட்டி நிற்கும். "இதை யாரும் கேட்டதில்லையே" என்றார். முதுகுக் கனத்தையும் 5 மில்லியில் இருந்து 3 மில்லிக்குக் குறைத்தோம். தேங்காய் உடைக்க, விறகு பிளக்க வீட்டில் அரிவாள் இருக்கு. இலை அறுக்கவும் காய் நறுக்கவும் கனம் எதற்கு? கனமான கத்தி மட்டையைப் பிளக்குது, மெல்லிசுதான் அறுக்குது. பிடி மரம் கருவேலம், எண்ணெயில் ஊறப் போட்டது. தண்ணியில் இல்லை!

திரும்பி வரும்போது ஊர் எல்லைக்கு வந்ததும் மதினி சொன்னாங்க, "அந்த ஆட்டுக்குட்டியை நீ விக்காம இருந்திருக்கலாம். பெட்டைக்குட்டி." அவ்வளவுதான் பேசினது. மறுநாள் எங்க வீட்டுக்குக் குழம்பு வந்துச்சு.

தீர்மானம் போட்டோம். மதினி கை அளவில் பட்டைக் கத்தி எட்டு, 2,560 ரூபாய். கைவேலை கூடினாலும் விலையைத் தாத்தா கூட்டல. முதலில் வாங்கின ரெண்டு பட்டைக் கத்திக்கும் பிடியைச் சீவிக் கொடுத்தார். எவர்சில்வர் ரெண்டையும் வீணாக்கல. ஒண்ணு இட்லிக் கடை வச்சிருக்கிற அக்காவுக்கு, அவங்க தோட்டத்துக்கு வர்றது அரை நாள்தான், மீதி நேரம் எலுமிச்சை, தக்காளி, மாங்காய்தான். இன்னொண்ணு மேலத் தெருத் தங்கச்சிக்கு. அவ கத்தியைத் துடைக்கவே மாட்டா, சொல்லிச் சொல்லிப் பார்த்தாச்சு. அவளே சொல்லிட்டா, "எனக்கு வெள்ளைக் கத்தியே குடுங்க, நான் மறக்குறவ" என்று. ஆக 12 கத்திக்கு 3,720 ரூபாய். குழுவில் இருந்து பாதி, மீதியை ஆளுக்கு 155 ரூபாய் வீதம் மூணு தவணையில் கட்டினோம்.

அது ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. பட்டைக் கத்தி பத்துல ஒன்பது உழைச்சுக்கிட்டிருக்கு. ஒன்றில் ரிவிட் தேய்ஞ்சு தாத்தா மாத்திக் கொடுத்தார். ஒன்றைக் காணோம், ஆத்துல போயிருச்சுன்னு சொல்றாங்க, நான் நம்பல. எவர்சில்வர் ரெண்டுல இட்லிக் கடை அக்காவுடையது நல்லா இருக்கு. தங்கச்சியுடையது சாணை பிடிச்சுப் பிடிச்சு அகலம் குறைஞ்சு போச்சு, ஆனால் துரு மட்டும் கிடையாது. இன்னும் யாரும் கை வெட்டிக்கல என்று சொல்ல ஆசைதான். போன தையில நானே கட்டைவிரல்ல லேசா வெட்டிக்கிட்டேன், பேச்சு சுவாரசியத்துல. சுத்தத் துணி, அழுத்திப் பிடிச்சேன், கையைத் தூக்கினேன். காப்பித்தூள் எடுத்துக்கிட்டு ஓடி வந்த என் மகளை மதினிதான் திருப்பி அனுப்பினாங்க.

மதினி அதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. இதைப் பேசலாமா என்று கேட்டுத்தான் வந்தேன். "பேசு, ஆனா தண்ணியில ஊறப் போடச் சொன்னது யாருன்னும் சொல்லணும்" என்றாங்க. சொல்லிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் அந்த வேப்ப மரத்தடி மேசையில ரெண்டு கத்தியையும் வைக்கிறேன். உடைஞ்ச பழைய பிடியும் கொண்டு வந்திருக்கேன், காம்பு எவ்வளவு நீளம்னு பார்க்கலாம். பிடிச்சுப் பாருங்க, விரல் மூடுதான்னு பாருங்க. பிள்ளைகளைக் கிட்ட விட வேண்டாம். கையில் வாங்கணும்னு நீட்டாதீங்க, கத்தியைக் கையில் கொடுத்தா சண்டை வரும்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நான் மேசையில் வைப்பேன், நீங்க எடுத்துக்கங்க.